இரண்டு கழுத்துக்கு ஒரு கோடு

1975 நவம்பர் 11, செவ்வாய்

வடக்கே பாலைவனத்திலிருந்து வரும் புழுதிக்காற்று இந்த வருடம் சீக்கிரமே கிளம்பிவிட்டது. காலையில் துடைத்த பெஞ்சில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். கேமராவைத் துணிப்பையில் போட்டு, பையை டின்னில் போட்டு, டின்னை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

"என்னையும் ஒரு டின்னுல போட்டு மூடேன். எனக்கும்தான் மூக்குல தூசி ஏறுது" என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து குரல். என் ஸ்டூடியோவுக்கும் என் வீட்டுக்காரர் லசீசியின் முடிவெட்டும் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். நான் யாரோடு பேசினாலும் அவர் அங்கிருந்தே பதில் சொல்லிவிடுவார்.

சாயங்காலம் மொதினா வந்தாள். தறி நெய்கிற வீட்டு மருமகள். இரட்டைப் பிள்ளைகளில் கெஹிந்தே போன மழைக்காலத்தில் அம்மை கண்டு போய்விட்டான். தாய்வோ மட்டும் இருக்கிறான். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு படம் கூட எடுத்ததில்லையாம். "நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிட்டேன் அக்கா" என்றாள். மாமியார், இறந்தவனுக்குப் பதிலாக மரத்தில் பொம்மை செதுக்கி வைக்கச் சொல்கிறாராம். "மரத்துக்கு எம் பிள்ள மூஞ்சி வருமா?"

வராது. தாய்வோவுக்கு அந்த முகம் இருக்கிறது. அவனையே இரண்டு முறை உட்காரவைத்து எடுத்தால் இருவரும் ஒரே படத்தில் வந்துவிடுவார்கள். ஒருவர் இறந்துபோன இரட்டையருக்கு ஊரில் இப்படித்தான் செய்கிறோம். வியாழக்கிழமை வரச் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

தாய்வோவுக்கு நீல அங்கி, புதுச் செருப்பு. லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, ஸ்டூலின் இடப்பக்கம் உட்காரவைத்து எடுத்தேன். அடுத்த கட்டத்துக்கு ஃபிலிமை நகர்த்தாமல் இந்தக் கேமராவில் ஷட்டர் மறுபடி விழாது. அதனால் நகர்த்திவிட்டு, அடிப்பொத்தானை அழுத்திக்கொண்டு, அதே கட்டத்துக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்தேன். எவ்வளவு சுற்ற வேண்டும் என்று திருகில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். அட்டையை மறுபாதிக்கு மாற்றினேன்.

"இப்ப நீ கெஹிந்தே. இந்தப் பக்கம் வந்து உக்காரு" என்றேன்.

பையன் யோசித்தான். குனிந்து செருப்பைக் கழற்றினான்.

"போட்டுக்கடா, புதுசுடா" என்றாள் மொதினா.

"கெஹிந்தே போட மாட்டான். எப்பவும் கழட்டித்தான் போடுவான்."

மொதினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் எடுத்துவிட்டேன். நல்ல படமாக வரும்.

நவம்பர் 14, வெள்ளி

வரவில்லை. வந்தது, ஆனால் கெட்டுப்போய் வந்தது.

படத்தின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல, தாய்வோவின் கழுத்தில் தொடங்கி கெஹிந்தேவின் கழுத்துவரை. வேறு எங்கு விழுந்திருந்தாலும் நான் இவ்வளவு எரிச்சல்பட்டிருக்க மாட்டேன்.

மூக்கோரத்து எண்ணெயை விரலில் தொட்டு நெகட்டிவில் தடவிப் பார்த்தேன். பளபளப்பான பக்கத்துக் கீறலென்றால் அதில் மறைந்துவிடும். மறையவில்லை. கீறல் மருந்து பூசிய பக்கத்தில். பென்சிலால் நிரப்பலாமென்றால் ஃபிலிம் இவ்வளவு சின்னது, பென்சில் முனையே உலக்கை மாதிரி தெரியும்.

அதே துண்டில் முன்னும் பின்னும் இருந்த பெயர்சூட்டு விழாப் படங்கள் சுத்தமாக இருக்கின்றன.

ஈரப் படத்தைக் கொடியில் தொங்கவிட்டிருந்தேன். அதுதான் நான் செய்த முட்டாள்தனம். மொதினா தாய்வோவையும் மாமியார் ஹுமுவானி அம்மாவையும் கூட்டிக்கொண்டு சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள். ஹுமுவானி அம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"கயிறு."

"கீறல்மா அது. ஃபிலிம்ல விழுந்த கீறல்."

"போட்டோக்காரி, எனக்குத் தெரியாதா? உலகம் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வாடான்னு தாய்வோவ முன்னால அனுப்பினவன் கெஹிந்தே. பின்னால பொறந்தாலும் அவன்தான் பெரியவன். அவன் திரும்பிப் போயிட்டான். அனுப்பின ஆளக் கூப்பிடாம இருப்பானா?"

"கூப்பிடுறது எல்லாம் இல்ல, வெறும் கீறல்."

"கீறல்னா எல்லாத்துலயும் விழணுமே. இந்தா தொங்குதே, பேர் வெச்ச குழந்த படம், இதுல எங்க?"

மொதினா தாய்வோவின் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றாள். அதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

நவம்பர் 15, சனி

கழுவும் தொட்டி, கிளிப்பு, தண்ணீர் வடிகட்டும் துணி எல்லாவற்றையும் மாற்றினேன். இன்று யாரிடமும் பேசவில்லை. உடம்புக்கு என்ன என்று லசீசி இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

நவம்பர் 18, செவ்வாய்

புது ஃபிலிம் போட்டு இரட்டையரை மறுபடி எடுத்தேன். நான்தான் கெஞ்சிக் கூப்பிட்டேன். மொதினா மாமியாருக்குத் தெரியாமல் வந்தாள்.

அதே கோடு, அதே உயரம், அதே இரண்டு கழுத்து.

கையால் கழுவும்போது விழுந்த கீறல் என்றால் வளைந்து நெளிந்து போகும். இது அப்படி இல்லை. ஃபிலிம் ஓடுகிற திசையில் நேராகப் போகிறது. ஆகவே கேமராவுக்குள்தான் ஏதோ உரசுகிறது. சரி, உரசுகிறது. அப்புறம் ஏன் கல்யாணத்தில் உரசவில்லை? பாஸ்போர்ட் படத்தில் உரசவில்லை? இந்த இரண்டு பிள்ளைகளிடம் மட்டும் என்ன வஞ்சம்?

பழைய நெகட்டிவ்களைத் தேடினேன். ஆகஸ்டில் எடுத்த பெண் இரட்டையர் சுத்தமாக இருக்கிறார்கள். அக்டோபரில் எடுத்த தச்சர் வீட்டு இரட்டையரில் ஒரு கோடு, திரைச்சீலைக் கோட்டோடு கலந்து போனதால் அன்று என் கண்ணுக்குப் படவில்லை. அங்கேயும் ஒருத்தன் இறந்தவன்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. இருந்தாலும் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நவம்பர் 19, புதன்

மொதினா கிணற்றடியில் பிடித்துக்கொண்டாள். ஹுமுவானி அம்மாவின் தம்பி ஒக்போமோஷோவிலிருந்து பெருநாளுக்கு முன்னால் வருகிறாராம். தாய்வோவை அழைத்துப்போய், வளர்ந்து ஆளாகும்வரை அங்கேயே வைத்துக்கொள்வாராம். இறந்த அண்ணன் கெஹிந்தேவுக்கு வழி தெரியக் கூடாதென்று.

"நீயும் கூடப் போயேன்" என்றேன்.

"நான் போகவே கூடாதாம் அக்கா. பாக்கக்கூட வரக் கூடாதாம். என் வாசத்தப் பிடிச்சுக்கிட்டு கெஹிந்தே பின்னாலயே வந்துருவானாம்."

"உன் புருஷன் என்ன சொல்றான்?"

"அவங்க அம்மா சொன்னா அவரு தறியில தலையக் குனிஞ்சுக்குவாரு." பிறகு என் கையைப் பிடித்தாள். "கீறல்தானே அக்கா? நிஜமாச் சொல்லுங்க. கீறல்தானே?"

கீறல்தான் என்றேன். அவள் என் கையை விடவில்லை. எனக்கே தெரியாததை அவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பேன்?

நவம்பர் 20, வியாழன்

ஒஷோக்போவுக்குப் போனேன். கேமரா பழுது பார்க்கிற பக்காரே ஃபிலிமைப் போட்டு முழுக்க ஓட்டினார், திறந்து வெளிச்சத்தில் பார்த்தார், மறுபடி ஒன்றை ஓட்டினார். கீறலே இல்லை.

"கேமரா புதுப்பொண்ணு மாதிரி இருக்கும்மா. கொஞ்சம் உங்க கையப் பாருங்க."

"என் கையில என்ன இருக்கு?"

"பொம்பளைங்க மோதிரம், நகம்..."

நான் மோதிரம் போடுவதில்லை. நகம் வெட்டித்தான் இருக்கிறது. விரித்துக் காட்டினேன். மனிதர் கேமராவைத் துடைத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும்போது வாடகைக் காரில் என் மடிமேல் யாரோ வாங்கிய பெருநாள் ஆட்டின் தலை. இக்கிருன் ஊர் வரும்வரை அது என் தலைத்துணியை மென்றுகொண்டே வந்தது.

நவம்பர் 22, சனி

ஒரு கல்யாணம். பெண்ணின் அத்தை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "இது அந்தக் கேமராவா?"

எந்தக் கேமரா? ஊருக்கே இரண்டு கேமராதான் இருக்கிறது!

எடுத்தேன். எல்லாம் சுத்தம். ஒன்றிலாவது ஒரு கோடு விழுந்து தொலையக் கூடாதா? மணப்பெண் கழுத்தில் விழுந்திருந்தால் என்னை உதைத்திருப்பார்கள், பரவாயில்லை, வாங்கிக்கொண்டிருப்பேன். கோடு யாருக்கும் விழும்னு தெரிஞ்சா அந்தப் பிள்ளை அம்மாவோடயே இருக்குமே. ஏன் எல்லாருக்கும் சரியா வருது? ஏன் அவளுக்கு மட்டும்?

லசீசி சோற்றை முன்னால் நகர்த்தி வைத்து, "சாப்பிட்டுட்டுக் கோவப்படு, இன்னும் நல்லா வரும்" என்றார்.

நவம்பர் 25, செவ்வாய்

கிடைத்துவிட்டது.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே நாளைக்குச் சந்தேகம் வரும்.

வீணான ஒரு ஃபிலிமைப் போட்டு, பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்காரே ஓட்டியதுபோல ஓட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி ஓட்டினேன். ஒன்றுமில்லை. அப்புறம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்தேன். மற்றவர்களுக்குச் செய்யாத எதை நான் இரட்டையருக்குச் செய்கிறேன்? அட்டை பிடிக்கிறேன். அது லென்ஸுக்கு வெளியே இருக்கிறது, ஃபிலிமைத் தொடாது. ஸ்டூலை நகர்த்துகிறேன். அதற்கும் ஃபிலிமுக்கும் சம்பந்தமில்லை. பின்னால் சுற்றுகிறேன்.

பின்னால் சுற்றுகிறேன்!

வேறு போட்டோக்காரர்கள் சுருள் முடிந்ததும் முழுவதையும் டப்பிக்குள் திருப்பிச் சுற்றிவிட்டுத்தான் வெளியே எடுப்பார்கள். நான் அப்படிச் செய்வதே இல்லை. இங்கே சுருள் முடியும்வரை யார் காத்திருப்பார்கள்? இன்றைக்கு எடுத்தால் நாளைக்குக் கையில் இருக்க வேண்டும். அதனால் இருட்டறையில் கேமராவைத் திறந்து, எடுத்தவரைக்கும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை மறுபடி மாட்டிக்கொள்வேன். ஆக என் கேமராவில் ஃபிலிம் முன்னால்தான் போகும். பின்னால் வருவது இரட்டையருக்கு மட்டும்தான். அதிலும் இரண்டு பேரும் உயிரோடு இருந்தால் சேர்த்து உட்காரவைத்து ஒரே முறை எடுத்துவிடுவேன். ஒருவன் இறந்திருந்தால்தான் சுற்றவே வேண்டும்.

வீண் ஃபிலிமை ஒரு கட்டம் முன்னால் நகர்த்தி, சிவப்புப் புள்ளிவரை பின்னால் சுற்றினேன். வெளிச்சத்தில் பிடித்தேன். கோடு.

அடுத்தது, எது கீறுகிறது? கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் லசீசி சவரக்கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டிவிட்டு ஒரு கொத்துப் பஞ்சை எடுத்து விளிம்பில் இழுப்பார். பிசிறு இருந்தால் ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். தினமும் பார்க்கிற வேலைதான். பஞ்சு கேட்டேன். ஃபிலிம் நின்று வெளிச்சம் வாங்குகிற சன்னலின் நான்கு விளிம்பிலும் இழுத்தேன். ஃபிலிமை இழுத்துச் சுற்றுகிற உருளைப் பக்கத்து விளிம்பில், முன்னால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் இழுத்தால் ஒரு நூல் மாட்டி நின்றது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அங்கே ஒரு சின்ன வெட்டு. தகரம் உருளைப் பக்கமாக மடிந்து நிற்கிறது, மீன் செதில் மாதிரி.

செப்டம்பரில் என் கத்தரிக்கோல் மழுங்கிப்போனது. லசீசியின் முடிவெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டேன். கூர்மூக்குக் கத்தரி. இருட்டில் அது எங்கே இடித்தது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அப்ப எங் கத்தரிதான் பேயா?" என்றார் லசீசி.

சிரித்தேன். சிரிப்பு நின்றபோது கண்ணில் தண்ணீராக இருந்தது. அவர் பார்க்காததுபோல அடுத்த ஆளை உட்காரவைத்துவிட்டார்.

நவம்பர் 26, புதன்

பிசிறை இன்னும் தேய்க்கவில்லை. தேய்த்துவிட்டால் சாட்சி போய்விடும்.

தொழுகைக்குக் கைகால் கழுவுகிற கெட்டிலை ஸ்டூலில் வைத்து, இரட்டையருக்குச் செய்கிற அத்தனையும் செய்து எடுத்தேன். இரண்டு கெட்டில், குறுக்கே ஒரு கோடு. படத்தைக் கொண்டுபோய் ஹுமுவானி அம்மாவிடம் கொடுத்தேன்.

"இந்தக் கெட்டிலுக்கு யாரும்மா அண்ணன்? யாரு கூப்பிடுறா?"

அவர் அசரவில்லை. "கெட்டில் உன் வீட்டுது. நீ சொன்னபடிதான் கேக்கும்."

மொதினா அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். தாய்வோவின் துணிமணி மூட்டையாகக் கட்டிச் சுவரோரம் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப நீங்களே வந்து உக்காருங்க. நீங்க ஒத்தையாத்தானே பொறந்தீங்க? கோடு எங்க விழணும்னும் நீங்களே சொல்லுங்க. அங்கயே விழ வெக்கிறேன்."

"விழ வெப்பியோ?"

"வெப்பேன்."

"நெத்தியில" என்றார். சவால்தான். கேமராவை எந்த உயரத்தில் பிடித்தால் எங்கே விழும் என்று எனக்கு இப்போது மனப்பாடம்.

பெருநாள் உடுப்பைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். தலைத்துணி கட்டவே அரைப்பொழுது. இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை உட்காரவைத்து எடுத்தேன். இருட்டறையில் வெட்டும்போது என் பழைய மழுங்கல் கத்தரியையே பயன்படுத்தினேன்.

நவம்பர் 27, வியாழன்

இரண்டு ஹுமுவானி அம்மா. இரண்டு நெற்றி. குறுக்கே ஒரே கோடு, சொன்ன இடத்தில்.

படத்தைக் கையில் வாங்கியதும் முதலில் சொன்னது: "எனக்கு இம்மாம் பெரிய தாடையா?" பிறகு கோட்டைப் பார்த்தார். விரல் தானாக நெற்றிக்குப் போனது. தேய்த்துப் பார்த்தார்.

கேமராவைத் திறந்து கையில் பஞ்சைக் கொடுத்தேன். முன்னால் இழுத்தார். பின்னால் இழுத்தார். நூல் மாட்டியது. மறுபடி இழுத்தார். மறுபடி மாட்டியது. மூன்றாவது தடவை மொதினாவைக் கூப்பிட்டு, "நீயும் இழு" என்றார்.

மொதினா இழுத்தாள். மாட்டின நூலைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஹுமுவானி அம்மா தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "என் படத்த எவகிட்டயும் காட்டாத" என்றார். வாசலைத் தாண்டியபின் திரும்பி, "கோட்ட எடுத்துட்டு, இன்னொன்னு எடு. இதே மாதிரி ரெண்டா" என்றார்.

தம்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் வீம்புக்காவது அனுப்பிவிடுவார்.

நவம்பர் 28, வெள்ளி

ஷட்டர் மேல் காகிதம் ஒட்டி மறைத்து, நைசான உப்புத்தாளைத் தீக்குச்சியில் சுற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். தூளை ஈரப் பஞ்சில் ஒற்றி எடுத்தேன். இப்போது பஞ்சு இரண்டு பக்கமும் வழுக்குகிறது. லசீசியின் கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு மொண்ணை மூக்குக் கத்தரி ஒன்று வாங்க வேண்டும்.

மத்தியானம் இரட்டையரை எடுத்தேன். தாய்வோ யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றினான்.

நவம்பர் 29, சனி

சுத்தம்.

மொதினா படத்தை மார்பில் அணைத்துக்கொண்டு அழுதாள். போன மழைக்காலத்தில் அழ வேண்டியதையும் சேர்த்து அழுதாள் போலிருக்கிறது. நானும் கூடவே அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

டிசம்பர் 8, திங்கள்

ஹுமுவானி அம்மாவின் தம்பி நேற்று வந்தாராம். இரட்டையருக்கு வழக்கமாகப் படைக்கிற பயறு சமைத்திருந்தார்கள். செம்பனை எண்ணெய் மிதக்க மிதக்க எனக்கும் ஒரு தட்டு வந்தது, கொண்டுவந்தது தாய்வோ. தம்பி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு இன்று காலை வண்டியேறினார். தனியாகத்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

நேற்றுப் பெருநாள். நிற்க நேரமில்லை. கோடில்லாமல் எடுத்த புது இரட்டை ஹுமுவானி அம்மா படத்தைப் பார்த்துவிட்டு ஒற்றையாகப் பிறந்தவர்களெல்லாம் இரட்டையாக எடுக்கச் சொல்கிறார்கள். சிவப்புப் புள்ளி தேய்ந்துபோனது, மறுபடி வைத்தேன்.

1976 டிசம்பர் 9, வியாழன்

பஞ்சு வைத்துப் பார்க்கும் நாள். மாதம் ஒருமுறை நான்கு விளிம்பையும் பார்த்துவிடுகிறேன்.

மொதினா தாய்வோவோடு வந்தாள். பையன் நன்றாக உயர்ந்துவிட்டான். சிரித்தால் முன்பல் இல்லை.

"பல்லு விழுந்துருச்சு அக்கா. பழைய படத்துல ரெண்டு பேரும் சின்னப் பிள்ளைங்களா இருக்காங்க. புதுசா எடுக்கணும். கெஹிந்தேவுக்கும் இப்ப விழுந்திருக்கும்ல?"

"அவனுக்கு அப்பவே விழுந்து முளைச்சிருக்கும்" என்றான் தாய்வோ. "அவன்தானே பெரியவன்."

இடப்பக்கம் உட்கார்ந்தபோது ஓட்டைப் பல் தெரியச் சிரித்தான். எடுத்தேன், நகர்த்தினேன், புள்ளிவரை பின்னால் சுற்றினேன். வலப்பக்கம் வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு, உதட்டை இறுக மூடிக்கொண்டு, பெரிய மனிதனாக நிமிர்ந்து உட்கார்ந்தான்.

டிசம்பர் 10, வெள்ளி

படம் கொடுத்தேன். நான் பழக்கதோஷத்தில் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மொதினா அங்கே பார்க்கவே இல்லை. கெஹிந்தேவின் மூடியிருக்கும் வாயைத்தான் பார்த்தாள், உள்ளே புதுப்பல் எந்த அளவு வளர்ந்திருக்கும் என்று என்னைக் கேட்டாள்.